தீவகத்தில் பண்டிகை வாழ்த்து: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் 14ஆம் திகதி வந்தது. பெரிய வெள்ளியும் அதே நாள். ஒரு வீட்டில் மருத்துநீர் வைத்துத் தலைமுழுகி, புத்தாடை உடுத்தி, கைவிசேஷம் வாங்குகிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒருசந்தி இருந்து சிலுவைப்பாதைக்குப் புறப்படுகிறார்கள். இது தெரியாமல் பூவும் பட்டாசும் போட்ட ஒரே வாழ்த்துப் படத்தை எல்லாருக்கும் அனுப்பியவர்கள் உண்டு. அப்படி ஒரு படம் வந்தால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. பேசாமல் இருந்துவிடுவார்கள். அதனாலேயே அனுப்பியவருக்கு அடுத்த முறையும் தெரியாமல் போகிறது.

தீவகத்தில் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவை. கரம்பொன், நாரந்தனை, மெலிஞ்சிமுனை என்று ஊர்காவற்றுறைப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய. வேலணையிலும் புங்குடுதீவிலும் தடுக்கி விழுந்தால் ஒரு கோயில் வாசல். நெடுந்தீவில் கோயில் மணியும் தேவாலய மணியும் கேட்கும். நயினாதீவு என்ற சின்னத் தீவிலோ நாகபூஷணி அம்மன் கோயில், நாகவிகாரை, பள்ளிவாசல் மூன்றும் இருக்கின்றன. யாருக்கு, எந்த நாளில், என்ன சொல்வது என்பதைக் கொஞ்சம் விசாரித்துச் செய்தால் போதும். கீழே உள்ளவற்றை அடுத்த பண்டிகைக்குக் காத்திராமல் இன்றே தொடங்கலாம்.

செய்ய வேண்டியவை

தொலைபேசியில் இருக்கும் பெயர்களை இன்றே ஒருமுறை பாருங்கள். யாருக்குத் தீபாவளி, யாருக்கு நத்தார், யாருக்கு நோன்புப் பெருநாள், யாருக்கு வெசாக் என்று குறித்துக்கொள்ளுங்கள். யாருடைய வீட்டில் இந்த வருடம் துக்கம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பண்டிகை அன்று காலை அவசரத்தில் இதெல்லாம் நினைவுக்கு வராது.

பண்டிகையின் பெயரைச் சொல்லி வாழ்த்துங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் டிசெம்பர் வந்தால் 'ஹாப்பி ஹொலிடேஸ்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் வந்துபோகும் கடைக்கு அது சரி. அயலில் நாற்பது வருடமாக இருக்கிற மனிதருக்கு அது சரியல்ல. அவர் என்ன கொண்டாடுகிறார் என்று தெரிந்திருந்தும் பொதுவாகச் சொன்னால், அவருடைய பண்டிகையை வாயால் சொல்லவே நீங்கள் விரும்பவில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். பொது வாழ்த்தைச் சனசமூக நிலையத்து அறிவித்தல் பலகைக்கும் பிரதேச சபைப் பதாதைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் 'அனைவருக்கும்' என்று முடித்துவிடாமல், எந்தப் பண்டிகைக்கான வாழ்த்து என்பதை எழுதுங்கள்.

நாள் எது என்பதை உள்ளூரில் கேட்டு உறுதிசெய்யுங்கள். யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் இரண்டும் புழக்கத்தில் உள்ளன. சில விரதங்களும் புத்தாண்டு பிறக்கும் நேரமும் அவற்றில் வேறுபடும். தமிழ்நாட்டு நாட்காட்டியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நோன்புப் பெருநாளோ பிறை கண்டால்தான். கொழும்பு பெரிய பள்ளிவாசலில் இருந்து அறிவித்தல் வந்த பிறகு அனுப்புங்கள். முதல் நாளே அனுப்பினால், இன்னும் ஒரு நோன்பு மீதி இருக்கும் வீட்டுக்குப் பெருநாள் வாழ்த்துப் போய்ச் சேரும்.

வெசாக் பூரணை அன்று சைவ வீடுகளையும் நினைத்துப் பாருங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. 2025 மே 12ஆம் திகதி வெசாக். அதே நாள்தான் சித்திராப் பூரணையும். நாகவிகாரையில் வெள்ளை உடுத்தவர்கள் பூத்தட்டோடு நிற்கிற நேரத்தில், தாயை இழந்த சைவப் பிள்ளைகள் அம்மாவுக்காக விரதம் இருக்கிறார்கள். பௌத்த நண்பருக்கு வெசாக் வாழ்த்துச் சொல்லுங்கள். தாயில்லாத சைவ நண்பரிடம் "அம்மான்ரை விரதமோ?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பேரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எதையும் போடாமல், இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொல்வதே நல்லது.

பலகாரம் அனுப்புமுன் விரதத்தைக் கேளுங்கள். வாழ்த்தில் பிழை வருவதைவிடத் தட்டில் பிழை வருவதுதான் கூடுதல். நத்தார் காலத்தில் சைவர் வீடுகளில் பிள்ளையார் பெருங்கதையோ திருவெம்பாவையோ நடக்கும். 2023இல் ஆருத்திரா தரிசனம் டிசெம்பர் 27. அன்றோடு முடியும் திருவெம்பாவைப் பத்து நாளுக்குள்தான் நத்தார் தினம் வந்தது. அப்படிப்பட்ட வீட்டுக்கு முட்டை போட்ட ரிச் கேக் போனால், வீட்டு அம்மா சிரித்த முகத்தோடு வாங்கி உள்ளே வைப்பார். வாயில் வைக்க மாட்டார். ஒரு சீப்பு வாழைப்பழம், கற்கண்டு, ஒரு பெட்டி பேரீச்சம்பழம் போதும். அதே ரிச் கேக்கில் பழக்கலவையைப் பிராண்டியில் ஊறவைத்திருந்தால் முஸ்லிம் வீட்டுக்கும் அனுப்பாதீர்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றால் பிராண்டி சேர்க்காமல் ஒரு தட்டுத் தனியாகப் போடுங்கள். பிராண்டி சேர்க்கவில்லை என்பதைச் சொல்லியும் கொடுங்கள்.

தீபாவளி அன்றும் இதே கவனம் வேண்டும். இருபத்தொரு நாள் கேதாரகௌரி விரதம் பிடித்தவர்கள் காப்புக் கட்டுவது ஐப்பசி அமாவாசையில். ஊரெல்லாம் ஆட்டிறைச்சி வாங்க நிற்கும்போது அந்த வீட்டுப் பெண்கள் உபவாசம். அது முடியக் கந்தசஷ்டி ஆறு நாள். விரத வீட்டுக்கு அனுப்புமுன், வட்டிலப்பத்திலும் முட்டை இருக்கிறது என்பதை முஸ்லிம் சகோதரிகள் கவனித்துக்கொள்ளுங்கள். பொங்கல் புக்கையைக் கிறிஸ்தவ வீட்டுக்கோ முஸ்லிம் வீட்டுக்கோ கொடுப்பவர்கள், படைக்குமுன் ஒரு பாத்திரத்தில் எடுத்துவைத்துக் கொடுங்கள். படைத்ததை வாங்கத் தயங்குபவர்கள் உண்டு; அந்தத் தயக்கத்தை வாசலில் வைத்துச் சொல்ல அவர்களுக்கும் சங்கடம்.

ஒரு வீட்டில் இரண்டு சமயம் இருந்தால் இரண்டு பேருக்கும் சொல்லுங்கள். தாய் சைவம், மகன் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டி மாறியவர் என்பது தீவகத்தில் புதிதல்ல. நத்தாருக்கு மகனுக்குச் சொல்லுங்கள், தைப்பொங்கலுக்குத் தாய்க்குச் சொல்லுங்கள். வீட்டுத் தலைவருக்கு மட்டும் சொன்னால் மற்றவர் அந்த வீட்டில் இல்லாதவர் போலாகிவிடும்.

போயா நாளில் சில் எடுத்தவரைச் சற்று ஒதுங்கி நின்று வணங்குங்கள். வெள்ளை உடுத்து எட்டுச் சீலம் காப்பவர் மதியத்துக்குப் பின் உணவு கொள்வதில்லை. இனிப்புப் பெட்டியோடு மாலையில் போய் நிற்காதீர்கள். கொடுக்க விரும்பினால் காலையில் விகாரைக்குப் பூ, விளக்குக்கு எண்ணெய் என்று கொடுங்கள், அல்லது மறுநாள் போங்கள்.

ஆனியில் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்பவருக்கு வழி காட்டுங்கள். நயினை அம்மனுக்குக் கொடியேறினால் அந்தத் துறையில் கால் வைக்க இடம் இருக்காது. தென்னிலங்கையில் இருந்து வருகிறவர்கள் விகாரைக்கும் போவார்கள், அம்மனையும் கும்பிடுவார்கள். அவர்களில் யார் எதற்கு வந்தார் என்று விசாரிக்க வேண்டியதில்லை. "நல்லாய்ப் போட்டு வாங்கோ" என்று ஒரு சொல், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று ஒரு கை காட்டல். திருவிழாவுக்கு வந்தவருக்கு இதுவே வாழ்த்து.

புத்தளத்துக்குப் போன பழைய அயலவரை மறக்காதீர்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். உங்கள் தகப்பனுக்கு ஒரு முஸ்லிம் நண்பர் இருந்தாரா, கடையில் கடன் எழுதித் தந்தவர் ஒருவர் இருந்தாரா என்று வீட்டில் கேளுங்கள். இலக்கத்தைத் தேடிப்பிடித்துப் பெருநாள் அன்று எடுங்கள். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் ஊரில் இருந்து ஒரு குரல் வந்தது என்பது அந்த வீட்டுக்குப் பெரிய விஷயம்.

வெளிநாட்டில் இருந்து எடுப்பவர்கள் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். டிசெம்பரில் ரொறன்ரோவில் மதியம் ஒன்றரை மணி என்றால் ஊர்காவற்றுறையில் நள்ளிரவு. 24ஆம் திகதி அந்த நேரம் எல்லாரும் பூசையில் நிற்பார்கள். நெடுந்தீவில் தனியாக இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ படம் அனுப்பாதீர்கள், பேசுங்கள்.

பதாதை அடிக்குமுன் சிங்கள வரியைச் சிங்களம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கூகிள் தந்ததை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டு, வாழ்த்துப் பதாதையைக் கழற்ற வேண்டி வந்த இடங்கள் உண்டு. பாடசாலையில் ஓர் ஆசிரியரிடம் கேட்டால் ஐந்து நிமிட வேலை.

பிந்தினாலும் சொல்லுங்கள். நத்தார் வாழ்த்தை மூன்று இராசாக்கள் திருநாள் வரும் ஜனவரி 6 வரை சொல்லலாம். பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கல் இருக்கிறது. பாஸ்கா காலம் ஐம்பது நாள் நீளும். மறந்துபோய்விட்டது என்று வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவதைவிட இது மேல்.

செய்யக்கூடாதவை

பெரிய வெள்ளிக்கு 'இனிய' என்று போடாதீர்கள். அது கிறிஸ்து பாடுபட்டு மரித்த நாள். சாம்பல் புதனும் தவக்காலமும் அப்படியே. சொல்ல விரும்பினால் "உங்களை நினைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். வாழ்த்தை உயிர்த்த ஞாயிறு காலைக்கு வையுங்கள்.

ஆடி அமாவாசைக்கு வாழ்த்து அனுப்பாதீர்கள். அது தகப்பனை இழந்தவர்கள் கீரிமலையிலும் அவரவர் ஊர்க் கடற்கரையிலும் தீர்த்தமாடித் தர்ப்பணம் செய்யும் நாள். விடுமுறை இல்லாத நாள் என்பதால் பலருக்கு நினைவில் இருக்காது. அன்றைக்கு அலுவலகத்தில் பிறந்தநாள் கேக் வெட்டுபவர்கள் மேசை தள்ளி இருப்பவரை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முஹர்ரம் புத்தாண்டையும் ஜனவரி 1 போல ஆரவாரமாக வாழ்த்த வேண்டாம்; பெரும்பாலான முஸ்லிம் வீடுகளில் அது அமைதியான நாள்.

துக்க வீட்டுக்கு வாழ்த்துப் படம் அனுப்பவே கூடாது. இதில் சமய வேறுபாடு இல்லை. சைவ வீட்டில் 31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்தாலும் ஆண்டுத்திவசம் வரை பண்டிகை இல்லை. கத்தோலிக்க வீட்டிலும் 31ஆம் நாள் பூசை, பிறகு ஆண்டுப் பூசை. கணவனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருப்பார். அந்த நாட்களில் மினுங்குகிற எழுத்தோடு ஒரு தீபாவளி வீடியோ வந்து விழுந்தால், செத்தவரை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றே அர்த்தம். அந்த வீட்டுக்கு வாழ்த்து வேண்டாம். சமைத்த சோறு கொண்டுபோங்கள். முதல் வருடப் பண்டிகை நாளில் அங்கே அடுப்பு எரியாமல் இருக்கலாம்.

பெயரை வைத்துச் சமயத்தை முடிவுசெய்யாதீர்கள். தமிழுக்கு உலக மாநாடு கண்ட தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்தது கரம்பொனில். அவர் கத்தோலிக்கக் குரு. அவருடைய தந்தையார் பெயரில் நாகநாதனும் இருந்தது, ஸ்தனிஸ்லாசும் இருந்தது. இன்றும் கரம்பொனிலும் நாரந்தனையிலும் செல்வராசா, நாகராசா என்ற பெயர்களோடு பூசைக்குப் போகிறவர்கள் இருக்கலாம். முகநூலில் சிலுவையைப் பார்த்துக் கத்தோலிக்கர் என்றும் நினைக்காதீர்கள். தென்னிந்தியத் திருச்சபையாரும் இருக்கிறார்கள், புதிய சபைகளுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். யெகோவாவின் சாட்சிகள் நத்தாரே கொண்டாடுவதில்லை. தெரியாவிட்டால் நேரே கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கோபிப்பதில்லை, ஊகித்து எழுதியதற்குத்தான் கோபம் வரும்.

சில திகதிகளில் ஆரவாரம் வேண்டாம். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவில் இருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவு அந்த நாளை மறக்கவில்லை. 2022இல் வெசாக் பூரணை அதே மே 15 அன்று வந்தது. 2019இல் வெசாக் மே 18 அன்று, முள்ளிவாய்க்கால் நினைவு நாளில் வந்தது. பூரணை எந்தத் திகதியில் விழும் என்பது யார் கையிலும் இல்லை. பௌத்த நண்பருக்கு வெசாக் அவருடைய சமயத்தின் மிகப் பெரிய நாள். அவருக்குரிய வாழ்த்தை அவருக்குத் தனியாகச் சொல்லுங்கள். ஊர்க் குழுவிலோ உங்கள் ஸ்ரேற்றசிலோ அன்றைக்கு வெசாக் கூட்டுப் படமும் தோரணப் படமும் போடாதீர்கள். பௌத்த நண்பரும் தன் பக்கத்தில் இதை அறிந்திருந்தால் நல்லது. அறியாவிட்டால் ஆறுதலாகச் சொல்லுங்கள், விளங்கிக்கொள்வார்.

ஏப்ரல் 21ஐயும் இதோடு சேருங்கள். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் மூன்றிலும் குண்டு வெடித்தது, ஹோட்டல்களிலும் வெடித்தது. 250க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் திகதியில் உங்கள் முஸ்லிம் நண்பரைக் கூப்பிட்டு இதைப் பற்றி என்ன நினைக்கிறீர் என்று கேட்காதீர்கள். அவர் செய்யாத ஒன்றுக்கு அவரிடம் விளக்கம் கேட்பது அது. அடுத்து வரும் பெருநாளில் நீங்கள் சொல்லும் 'ஈத் முபாரக்' அவர் காதில் வேறு மாதிரி விழும்.

வாழ்த்துக்குள் வழக்கை நுழைக்காதீர்கள். தவக்காலத்தில் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வரும். இரண்டு கரையில் இருந்தும் படகுகள் போகும். நம்முடைய மீனவர்களுக்கு இந்திய இழுவைப் படகுகளால் உள்ள வயிற்றெரிச்சல் உண்மையானது. அதைப் பேச வேண்டிய இடத்தில் உரத்துப் பேசுங்கள். ஆனால் கச்சதீவு யாருக்கு என்ற பதிவைத் திருவிழா வாழ்த்தோடு ஒட்டி அனுப்பினால், செபம் சொல்லப் போன இராமேஸ்வரத்துக் கிழவிக்கு அது என்ன செய்யும்? நயினாதீவா நாகதீபமா என்ற பேச்சும் இப்படித்தான். நாக அரசர்களின் அரியணைச் சண்டையைப் புத்தர் தீர்த்துவைத்த இடம் நாகதீபம் என்கிறது மகாவம்சம். மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்று கருதுவோரும் உண்டு. ஆராயுங்கள், எழுதுங்கள். வெசாக் வாழ்த்துக்குக் கீழேயோ அம்மன் தேர்ப் படத்துக்குக் கீழேயோ வேண்டாம்.

வாழ்த்தோடு பிரசாரத்தைச் சேர்க்காதீர்கள். தீபாவளி வாழ்த்தின் அடியில் இரட்சிப்பு வசனம், நத்தார் வாழ்த்தின் அடியில் மதமாற்றக் கண்டனம், பெருநாள் வாழ்த்தின் அடியில் மார்க்க விளக்கம். மூன்றும் ஒரே தவறு. மற்றவருடைய நல்ல நாளில் அவருடைய வாசலுக்குப் போய் அவரைத் திருத்தப் பார்க்கிறீர்கள்.

தெய்வ உருவத்தை எறியப்படும் பொருளில் அச்சடிக்காதீர்கள். கடைக்காரர்களே, இது உங்களுக்கு. புத்தர், அம்மன், திருக்குடும்பம் எதுவானாலும் ஷொப்பிங் பையிலும் கடதாசிக் கோப்பையிலும் போனால் முடிவது குப்பையிலும் காலடியிலும். புத்தர் உருவத்தை அவமதித்ததாக ஒரு முறைப்பாடு போனால் பொலிஸ் வரை போகும் நாடு இது. விளக்கு, தாமரை, நட்சத்திரம், பிறை என்று போடுங்கள்.

பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பாடசாலையில் வாணி விழாவும் ஒளிவிழாவும் எல்லாரும் சேர்ந்து செய்கிறார்கள், நல்ல வழக்கம். ஆனாலும் தீபம் ஏற்ற, திருநீறு பூச, இயேசு வேடம் போட, வெசாக் கூடு கட்ட ஒரு பிள்ளை தயங்கினால் வகுப்புக்கு முன் வைத்து ஏன் என்று கேட்க வேண்டாம். கதிரை அடுக்க, சர்பத் பரிமாற எத்தனையோ வேலை இருக்கிறது.

வாழ்த்துத் திரும்பி வரவில்லை என்று கணக்கு வைக்காதீர்கள். வேறு சமயப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்வதை ஏற்காத குடும்பங்கள் எல்லாச் சமயத்திலும் இருக்கின்றன. அவர் சொல்லாததை அவமதிப்பாக எடுக்காதீர்கள். யாராவது உங்களுக்குத் தவறுதலாக உங்கள் சமயத்தில் இல்லாத பண்டிகைக்கு வாழ்த்தினால் "நன்றி, உங்களுக்கும்" என்று சொல்லுங்கள். அந்த இடத்தில் பாடம் எடுக்க வேண்டாம்.

வந்ததை அப்படியே தள்ளிவிடாதீர்கள். உங்களுக்கு வந்த படத்தில் வேறொருவர் பெயர், வேறொரு நாட்டுத் திகதி, கட்சிச் சின்னம் எல்லாம் இருக்கும். பெயர் போட்டு நீங்கள் எழுதும் ஒரு வரி போதும்.

இப்போது சுவரில் இருக்கும் நாட்காட்டியை எடுங்கள். அடுத்து வரும் பண்டிகை எது, அது உங்களுக்குத் தெரிந்த எந்த வீட்டுக்குரியது என்று பாருங்கள். அந்த வீட்டுக்கு இன்றைக்கே ஓர் அழைப்பு எடுத்து, "இந்தமுறை கொண்டாடுறியளோ?" என்று கேளுங்கள். என்ன வாழ்த்து, எந்த நாள், என்ன பலகாரம் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.